ஊசி கோத்து வைத்துவிட்டுப் போனவர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு அவர் கிளம்பினார். கிளம்பும் முன் வழக்கம்போல இருபது ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சுப் பொதியில் நிறவாரியாகக் குத்தி வைத்தார்.

"நீலம் இடப்பக்கம். கறுப்புக் கால்சட்டைக்கு நீலத்தப் போட்டுடாத."

"போட்டா புது மோஸ்தர்னு சொல்லிக்கிறேன். கிளம்புங்க, பஸ் போயிடும்."

"கையெழுத்துப் போட்டுட்டு மத்தியானம் வந்துடுவேன்."

தங்கும் அனுமதி இன்னும் முடிவாகாததால், மாதத்தின் முதல் செவ்வாயன்று குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவது நான்கு வருஷப் பழக்கம். அன்று கையெழுத்தை வாங்கிக்கொண்டவர்கள் ஆளை வெளியே விடவில்லை. வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பதினாறு வருஷம் இந்த ஊரின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்த்தவர் அவர். மேலே போன ஒருத்தரையும் கீழே இறங்க விடாமல் வைத்ததில்லை.

அவள் சலவைக்கடையின் மூலையில் உட்கார்ந்து கால்சட்டை விளிம்பு மடித்துத் தைக்கிறவள், பித்தான் தைக்கிறவள். வாடிக்கையாளர்களுக்குத் தையலக்கா. அவளுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு வளையல் அளவுக்குத்தான் உலகம் மிஞ்சியிருந்தது. மிஞ்சினால் இரண்டு வருஷம் என்றார் கண் டாக்டர். தெரிந்தால் கடையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்து, வெளியே மூச்சு விடக்கூடாது என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தினமும் ஊசி கோத்துக் கொடுத்து அந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வந்தவர் அவர்தான்.

அந்த வளையல் மூடுவதற்குள் அவர் திரும்பி வந்து எதிரே நிற்க வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அவள் வைத்த வக்கீலம்மா அந்த முடிவை எதிர்த்துக் கோர்ட்டில் மறுஆய்வு மனு போட்டார். விசாரணைக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. அன்று அவள் டாக்டரின் கடிதத்தை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்தபடி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அரசாங்க வக்கீல் எழுந்து, நாடு கடத்த முடிவெடுத்த அதிகாரி அவரிடம் கேட்ட கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் வாசித்தார்.

"உங்களை நம்பி யாராவது இருக்கிறார்களா?"

"யாரும் இல்லை. என் மனைவிக்கு யார் தயவும் வேண்டாம். அவள் சொந்தக் காலில் நிற்பவள்."

அந்த அறையில் போய் உட்கார்ந்தும் மனுஷன் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

வக்கீலம்மா கடிதத்தை நீட்டினார். அதிகாரி முன் இல்லாத காகிதத்தை இங்கே பார்ப்பதற்கில்லை என்றார் நீதிபதி. தீர்ப்பைத் தள்ளி வைத்தார்.

"ஒரே ஒரு கடுதாசி. அதப் பாத்தா என்ன கொறஞ்சிடும்?" என்று வராந்தாவில் கேட்டாள்.

"அவர் இருக்கணுமா போகணுமான்னு கோர்ட் பாக்காதும்மா. கையில இருந்த காகிதத்த வச்சு அந்த அதிகாரி சரியா முடிவெடுத்தாரான்னு மட்டும்தான் பாக்கும். இத அன்னைக்கே அவர்கிட்ட குடுத்திருக்கணும்."

நேராகக் கடைக்குப் போனாள். ஊசியை எடுத்தாள். அவர் போனதிலிருந்து அந்த வளையலுக்குள் பிடித்துத் தானேதான் கோத்து வந்தாள். அன்று நூல் காதுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது. முதலாளி வந்து ஊசியைக் கையிலிருந்து வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

"வெளிச்சம் பத்தலண்ணே," என்றாள்.

"வெளிச்சத்த ஏம்மா குத்தம் சொல்றீங்க? உங்களுக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்கு ரெண்டு வருஷமா தெரியும். அந்த நிலைப்படி பேசினா அதுவே சொல்லும், எத்தன தடவ முட்டியிருப்பீங்க. அதனாலதான மேசைய ஜன்னலோரம் மாத்தினேன்."

"இஸ்திரி மிஷினுக்கு எடம் வேணும்னு சொன்னீங்க."

"அப்படிச் சொன்னாத்தான நீங்க ஒத்துக்குவீங்க. தையல் சுத்தமா இருந்துச்சு. நான் எதுக்குக் கேக்கணும்?"

முதலாளி கோத்துக் கொடுத்த ஊசியை மடியில் வைத்துக்கொண்டு அவள் அன்று முழுதும் ஒரு பித்தானும் தைக்கவில்லை. யாரிடம் மறைக்கச் சொன்னாளோ அந்த மனுஷனுக்கே தெரிந்திருந்த ரகசியம். அதற்குக் காவல் நின்றவர் கடல் தாண்டிக் கிடக்கிறார்.

ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பதினாறு வருஷ வேலைக்கான சான்று கோப்பிலேயே இருந்தும் அதிகாரி அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்று நீதிபதி அந்த முடிவை ரத்து செய்திருந்தார். வேறொரு அதிகாரி முதலிலிருந்து விசாரிப்பார். "ஜெயிச்சுட்டோம், ஆனா இன்னும் முடியல," என்றார் வக்கீலம்மா.

ஞாயிறுதோறும் அவர் வீடியோவில் கூப்பிடுவார். "கண்ணு எப்படி இருக்கு?" என்பார். "அப்படியேதான் இருக்கு. நீங்கதான் இளைச்சுட்டீங்க," என்பாள். வளையல் மூடிய பிறகும் அதையேதான் சொன்னாள். மூடி ஏழு வாரமாகிறது. முதலாளிக்குத் தெரியும், இப்போது அவள் சலவைத் துணி மடிக்கிறாள். புருஷனுக்கு மட்டும் சொல்லவில்லை.

அவர் போய் இரண்டு வருஷமும் ஒரு மாதமும் ஆன ஒரு வியாழக்கிழமை, மடித்த போர்வைகளுக்கு நடுவே போன் அதிர்ந்தது. முதலாளி பொத்தானை அழுத்திக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அவருடைய குரல்.

"இன்னைக்குப் புது அதிகாரி போன்ல பேசினாரு. அதே கேள்வியத்தான் கேட்டாரு. இந்தத் தடவை உன் கண்ணப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன்னக் கேக்காம சொல்லிட்டேன்னு கோவிச்சுக்காத. முடிவு வர இன்னும் எட்டு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் அந்த வளையல் அளவு தாங்கும்ல?"