சப்டைட்டிலில் இல்லாத வார்த்தை

கன்னத்தில் அறைந்தால் ஒரு சத்தம் வரும். காதோடு சேர்த்து அறைந்தால் வேறு சத்தம். முதலாவது பளாரென்று ஊருக்கே கேட்கும். இரண்டாவது அமுங்கிப் போய்விடும், அடித்தவனுக்கும் வாங்கியவனுக்கும் மட்டும்தான் தெரியும். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில், ஒரு மங்குஸ்தான் கடை முன்னால், என் நெருங்கிய நண்பனைக் காதோடு சேர்த்து அறைந்தவன் நான். அனிமே என்று சொல்லும் ஜப்பான் கார்ட்டூன் ஒன்றைப் பற்றி வந்த சண்டை அது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். எட்டாம் வகுப்பில் ஒருவன் மண்டையில் ஜாமெட்ரி பாக்ஸை இறக்கியதில் அவனுக்கு நான்கு தையல். தென்காசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் இதுவரை இரண்டு கீபோர்டுகளை உடைத்திருக்கிறேன். அங்கே டைப் அடிப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. நாள் முழுக்க 'தங்கள் நல்வரவை நாடும்' என்று மரியாதையாக அடிக்கிற கைதான், சாயங்காலம் யாரையாவது அடிக்க நீளும்.

நான் அறைந்த அந்த நண்பன் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தான். அவனுடைய சொத்தே காதுதான். போனை ஒருதரம் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரில் தூசியா, ஒயர் விட்டுப்போச்சா என்று திறக்காமலே சொல்லிவிடுவான். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து அனிமேக்களுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டு, எங்கள் சேனலில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழில் எழுதுவது நான். எந்த வரி எந்த நொடியில் வர வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று கேட்டுக் கேட்டு டைமிங் வைப்பது அவன். வருடக்கணக்காகக் கேட்டதில் ஜப்பானிய மொழியே அவனுக்குக் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. அதுதான் என் தலைவலி. ஆங்கிலத்தை வைத்து நான் சமாளிப்பதை அவன் காதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான்.

அந்த வருடம் நாங்கள் எடுத்த சீரிஸ் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் நடப்பது. தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன், அவனை வளர்க்கும் ரவுடிச் சித்தப்பா, அடி, உதை, வெட்டு. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று முதலிலேயே போட்டுவிடுவார்கள். முதல் எபிசோடிலேயே ஒருவன் கையை மீன் வெட்டும் பலகையில் வைத்து விரல் விரலாக எடுப்பார்கள். எனக்கு அந்த சீரிஸைக் கண்டாலே ஆகாது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு பழைய அனிமேயை அப்படியே உருவியிருந்தார்கள். அதே துறைமுகம், அதே ஒற்றைக்கண் சித்தப்பா, மழையில் நடக்கும் அதே கடைசிச் சண்டை. புதிதாகச் சேர்த்தது ரத்தம் மட்டும்தான்.

"கதை இல்லாதவன்தாம்லே ரத்தத்த ஊத்துவான்" என்றேன் நான். "ரத்தம் கூடக் கொஞ்சம் காட்டுனா மெச்சூர்னு சொல்லுதீங்க. அப்போ நம்மூர்லயே பெரிய மெச்சூர் ஆளு கறிக்கடைக்காரர்தான்."

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"கதைய எடுத்துருக்கான், நான் இல்லேங்கல. ஆனா அடியப் பாருலே. சித்தப்பன் அடிக்கான், பையன் விழுதான். மத்தவன்னா அதோட கட் பண்ணிருவான். இவன் கட் பண்ணல. பையன் தரையில தடவித் தடவி விழுந்த பல்லத் தேடுதான். அதக் கழுவிச் சட்டப்பைக்குள்ள போடுதான். அடி வாங்குனவன் பின்னால இவ்வளவு நேரம் எவம்லே போயிருக்கான்? அதான் மெச்சூர். அதான் ஒரிஜினல்."

பதில் கிடைக்காவிட்டால் எனக்கு எரியும். அதனால் நான் வேறொரு வேலை செய்தேன். யாரிடமும் சொல்லாமல், சப்டைட்டில் எழுதும்போது அந்த சீரிஸைக் கழுவித் துடைத்தேன். 'உன் குடலை உருவி மீனுக்குப் போடுவேன்' என்று வந்தால், 'உனக்குத் தக்க பாடம் புகட்டுவேன்' என்று எழுதினேன். கெட்ட வார்த்தை வந்தால் 'அற்பனே' என்று போட்டேன். நான்கு எபிசோட் இப்படிப் போனது. எங்கள் சேனலை வீட்டில் தங்கச்சிகளோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள், அசிங்கத்தைப் பரப்பக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் ஜெயித்ததை அழிக்கத்தான் பார்த்தேன்.

சீசன் நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அருவியில் நல்ல வரத்து. தண்ணீர் முதுகில் விழுந்தது கம்பால் அடிப்பது போல இருந்தது, மூச்சு முட்டியது. ஒருவனை ஒருவன் தள்ளி, கால் வழுக்கி, பாறையில் முட்டி சிராய்த்து, அடிபடுவதையே விளையாட்டாக வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றோம். வெளியே வந்து தலை துவட்டிவிட்டு, பழக்கடைகளுக்கு முன்னால் பைக்குகளில் சாய்ந்து நின்றோம். அப்போதுதான் அவன் போனை எடுத்தான்.

ஒவ்வொரு வரியாக வாசித்தான். முதலில் ஜப்பானிய மொழியில் அவன் கேட்டது, அப்புறம் ஆங்கிலம், அப்புறம் நான் எழுதியது. 'தக்க பாடம் புகட்டுவேன்' என்று வந்ததும் ஒருவன் பைக்கிலிருந்து விழப்பார்த்தான், அப்படியொரு சிரிப்பு. பழக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

"ஏலே, ரவுடி வெட்ட வாரானா, கல்யாணத்துக்குக் கூப்பிட வாரானா?" என்றான் என் நண்பன். "தங்கள் குடலை உருவ அன்புடன் அழைக்கிறோம். வயசு வந்தவங்களுக்கான படத்த வயசுக்கு வராதவங்கிட்ட குடுத்தா இப்படித்தாம்லே இருக்கும். இவனுக்குப் பால்வாடிக் கார்ட்டூன் ஏதாச்சும் குடுங்க."

அடித்துவிட்டேன். வலது கையை முழுசாகப் பின்னால் இழுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் சேர்த்து. அடிக்கும்போதே ஒரு வார்த்தையும் சொன்னேன். அவன் அம்மாவை இழுத்துச் சொல்கிற வார்த்தை. தமிழில் அதைவிடக் கேவலமானது கிடையாது. அவன் மங்குஸ்தான் குவியலின் மேல் போய் விழுந்தான். பழங்கள் சாலையில் உருண்டோடின. ஒரு கார் அவற்றின் மேல் ஏறிப் போனது. அவன் எழுந்து உட்கார்ந்தபோது இடது காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தாடையில் இறங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது திருப்திதான். பயம் அப்புறம்தான் வந்தது.

கூட்டம் கூடியது. சீசன் டூட்டியில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் வந்து, "என்னலே இங்கன?" என்றார். பழக்கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அருவியில நின்னேன் சார். தண்ணி காதுல அடிச்சிட்டு. தல சுத்தி விழுந்துட்டேன்."

"வார வரத்துல தலையக் கொண்டு குடுத்தா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கலே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உருண்ட பழங்களைப் பொறுக்கப் போனார்.

ஆட்டோவில் நான்தான் அவனைக் கூட்டிப் போனேன். காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தவன், இலஞ்சி தாண்டியதும் நிமிர்ந்து சொன்னான்: "நீ சொன்னியே ஒரு வார்த்த, அது அந்த சீரிஸ்ல இல்லலே. ஜப்பான்காரன் திட்டும்போது அம்மாவ இழுக்கதே இல்ல. அது உன் ஒரிஜினல்."

காது டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறையில் ஓட்டை என்றார். யாராவது அடித்தார்களா என்று கேட்டார். "அருவி சார்" என்றான் இவன். டாக்டர் அவன் கன்னத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "அருவிக்கு விரலு எப்போ முளைச்சுது?" என்றார். தண்ணீர் படக் கூடாது, ஆறு வாரத்தில் தானாகவே மூடிக்கொள்ளும், மூடாவிட்டால் ஆபரேசன் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குப் போவதற்குள் கன்னம் வீங்கி விரல் தடம் மறைந்திருந்தது.

அவன் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர்கள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். காதில் அடித்தது அருவிதான் என்றே அவர்கள் நம்பினார்கள். "ஊருல உள்ளவன்லாம் குளிக்கான், எம்புள்ள காதுதான் அதுக்குக் கெடச்சுதா" என்று அருவியைத் திட்டித் தீர்த்தார்கள். என்னைப் பார்த்து, "எய்யா, நீ இல்லேன்னா இவன் என்ன ஆயிருப்பான்" என்று கண் கலங்கினார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான் என்று ஆயிற்று. போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். போனால் வறுத்த மீனில் பெரிய துண்டு எனக்கு வரும். அதைத் தின்றேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சேனலில் விசயம் எப்படியோ கசிந்துவிட்டது. பெயர் போடாமல் ஒரு பெரிய விவாதமே நடந்தது. ரத்தம் தெறிக்கிற அனிமே பார்த்தால் புத்தி இப்படித்தான் போகும், அதைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறான் என்று ஒரு கூட்டம் எழுதியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறிந்தேன். அந்த சீரிஸை வெறுத்தவன் நான். ஒவ்வொரு கெட்ட வார்த்தையையும் கழுவியவன் நான். அதை ரசித்து ரசித்துப் பார்த்தவன், விரல் வெட்டுகிற காட்சியை நாலு தடவை ஓடவிட்டு டைமிங் வைத்தவன், வாழ்க்கையில் ஒருவர் மேலும் கை ஓங்கியதில்லை.

ஆறு வாரம் கழிந்தது. ஓட்டை மூடவில்லை. இடது பக்கம் எப்போதும் 'ங்' என்று ஒரு இரைச்சல் கேட்பதாகச் சொன்னான். வலது காதை வைத்து டைமிங் போட்டுப் பார்த்தான், வரிகள் முன்னும் பின்னும் நகர்ந்தன. சர்வீஸ் கடையில் நல்ல ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரிப்பேரானதைத் திரும்ப மாட்டினான். இரண்டு தடவை இப்படி ஆனதும், ஓனர் அவனைக் கவுண்டரில் உட்காரவைத்து டெம்பர் கிளாஸ் ஒட்டச் சொல்லிவிட்டார். அவன் காதை நம்பி யாரும் போனைக் கொண்டுவருவதில்லை. இவ்வளவுக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சண்டை போட்டு, குற்றத்தைப் பாதிக்குப் பாதி கழித்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அத்தை சோறு வைத்து, சாளைக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்கள்: "வார வியாழக்கெழம திருநெல்வேலியில ஆபரேசன். நீயும் கூட வந்துருய்யா. அன்னைக்கு மாதிரி நீ பக்கத்துல நின்னாத்தான் எனக்குத் தைரியம்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"அத்த, அது அருவி இல்ல. நான்தான் அடிச்சேன்."

அவன் தலையைத் தூக்கினான். "ஏலே, சும்மா கெட" என்றான். அத்தை கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்கள்.

"எதுக்கு அடிச்ச?"

"ஒரு கார்ட்டூன் விசயமா, அத்த."

"கார்ட்டூனு" என்று அவர்கள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். மகனுடைய காதில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் திரும்பி, சத்தம் போடாமல் கேட்டார்கள்: "அடிக்கும்போது என்ன சொன்ன?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் அடித்தாய், எப்படி அடித்தாய் என்று எதைக் கேட்டிருந்தாலும் பதில் வைத்திருந்தேன்.

"எம்மா, விடு" என்றான் அவன்.

"நீ பேசாத. நான் அவங்கிட்ட கேக்கேன். வாய மூடிக்கிட்டு எவனும் அடிக்க மாட்டான். என்ன சொன்ன?"

'கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன்' என்று சொல்லலாம். 'உங்களைத் தவறாகப் பேசிவிட்டேன்' என்று சொல்லலாம். இந்த மாதிரி நூறு வரி என்னிடம் உண்டு, என் தொழிலே அதுதான். அவற்றில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. அந்த வார்த்தையை, குற்றாலத்தில் சொன்னது போலவே, ஒரு எழுத்து குறையாமல், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இந்தப் பக்கத்தில் அதை எழுத எனக்கு இன்னும் தைரியம் இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

அத்தை எழுந்தார்கள். கையைச் சேலையில் துடைத்தார்கள். இடது கையால் என் தாடையைப் பிடித்து, காதில் பட்டுவிடாதபடி முகத்தைக் கொஞ்சம் திருப்பிவைத்துக்கொண்டு, கன்னத்தில் ஓங்கி அறைந்தார்கள். தெருவுக்கே கேட்டிருக்கும். அடிக்கும்போது அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.