பேராசிரியர் ப்ரூன்ஸின் பழைய நோட்டு

கருத்தரங்கு அறையின் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் பேராசிரியர் எக்கார்ட் ப்ரூன்ஸ். தூங்குகிறார் என்று நினைப்பவர் ஊருக்குப் புதியவர். கரும்பலகையில் மூன்றாவது சமன்பாடு விழுந்ததும் ஒரு கண் மட்டும் திறக்கும். "அங்க குறி தப்பா இல்லியோ?" என்பார். பாதி நாள் தப்பே இருக்காது. ஆனால் பேசுகிறவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். அவருக்கு அது போதும்.

எங்கள் ஜெர்மன் ஆய்வுக்கூடத்தில் பேச்சு முடிந்தால் யாரும் கைதட்டுவதில்லை; விரல் முட்டியால் மேசையைத் தட்டுவோம். ப்ரூன்ஸ் தட்டிய பிறகுதான் மற்றவர்கள் தட்டுவார்கள். நாற்பது முனைவர்கள் அந்த ஒற்றை முட்டியையே பார்த்திருப்பதை, அவருடைய செயலாளராகப் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். வெட்கங்கெட்ட கூட்டம்.

1993இல் நட்சத்திரங்கள் குளிர்வதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்றுவரை அதன் பெயரில்தான் பிழைப்பு. காகிதமும் பென்சிலும் போதும் என்று மார்தட்டுவார்; பென்சில் சீவுவது நான். கணினியைத் தொடமாட்டார். "அது யோசிக்கத் தெரியாதவங்க சாமான், ஃப்ராவ் ஓல்ட்மன்ஸ்" என்று என்னிடமே சொல்வார், நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே.

போன வியாழக்கிழமை அவருடைய மாணவி ஹெட்டா க்ரோன் பேசினாள். அந்தக் கட்டுரையில் வகுக்க வேண்டிய ஓர் இரண்டு விட்டுப்போயிருக்கிறது, சேர்த்தால் விடை பாதியாகிறது என்று வரிவரியாகக் காட்டினாள். மூன்று வருட உழைப்பு. அவளுடைய பட்டமே அந்த இரண்டை நம்பித்தான் இருந்தது. ப்ரூன்ஸுக்கு இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. முட்டி மட்டும் அசையவில்லை. அறையில் ஒரு தட்டல் இல்லை. என் கையில் காப்பித் தட்டு இருந்தது என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"இது எனக்கு எப்பவோ தெரியும்மா. என் பழைய நோட்டுல கெடக்கு. இதுல நீ புதுசா என்ன பண்ணிட்டே?"

"தெரிஞ்சா ஏன் ப்ரொபசர் அப்பவே வெளியில சொல்லல?"

"இந்த மாதிரி சில்லறை விஷயத்தையெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்வாங்களா? நாளைக்குக் கொண்டாந்து காட்டுறேன், பாத்துக்க."

ஹெட்டா பலகையைத் துடைக்காமலே வெளியேறினாள்.

தன் அறைக்கு வந்ததும் ப்ரூன்ஸ் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துத் தரச் சொன்னார். தந்தேன், காப்பியோடு. அரைமணி கழித்துக் கோப்பையை எடுக்கப் போனேன். என்னைப் பார்த்து அவர் எதையும் மறைத்ததில்லை. அவருக்கு நானும் ஒரு நாற்காலிதான்; நாற்காலிக்கு யார் பயப்படுவார்கள்? பழுப்பேறிய பக்கத்தின் ஓரத்தில் புது நீல மை பளபளத்தது. ஒரு 2, பக்கத்தில் 1994ஆம் வருடத் தேதி.

ஆறிப்போன காப்பியில் சுண்டுவிரலைத் தோய்த்து, அந்த இரண்டின் மேல் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார்.