மூணு பேருக்குக் காய்ச்சல்

நீ கிளப் ஆளா, ஸ்டேட் ஆளான்னு அந்தக் காலத்துல என்னைக் கேக்காதவங்க கிடையாது. ரெண்டுக்கும் ஆடினா உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு திருப்பிக் கேப்பேன். வாய் ஜாஸ்தின்னு நான் பேர் வாங்கினது அப்படித்தான்.

தொண்ணூறுகளோட கடைசி. எங்க நீலசந்திரா ஏரியாவுல பொம்பளைப் புள்ளைங்க ஃபுட்பால் ஆட ஒரே ஒரு கிளப் இருந்துச்சு. அதுக்கு நான் கோல்கீப்பர். பகல்ல ஓசூர் ரோட்டுல ஒரு கார்மென்ட்ஸ்ல சட்டைக்குப் பட்டன் வெக்கிற வேலை, சாயங்காலம் ஆனா மைதானம். மைதானம்னா புல்லுன்னு நினைச்சுக்காதீங்க. கல்லும் மண்ணும்தான். அதுல விழுந்து விழுந்து என் முட்டி ரெண்டும் எப்பவும் புண்ணாவே இருக்கும். கிளப்பை நடத்தினவரு ஆட்டோ ஓட்டுறவரு. எங்க எல்லாருக்கும் அவரு அண்ணா. மேட்ச் முடிஞ்சா அவரு வீட்டுலருந்து ஒரு பெரிய டபரா நிறைய குஸ்கா வரும், சுத்தி உட்கார்ந்து காலி பண்ணுவோம்.

அந்த வருஷம் ரெண்டு நல்லது ஒண்ணா வந்து தொலைச்சுது. எங்க கிளப் முதல் தடவையா ஃபைனலுக்கு வந்துச்சு. என்னை ஸ்டேட் டீம் கேம்புக்குக் கூப்பிட்டாங்க. ஸ்டேட் ஆடினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மென்ட் வேலைக்குப் போகலாம். எங்கம்மா எனக்கு வேலையே கிடைச்சுட்ட மாதிரி தெரு பூரா சொல்லி வெச்சுட்டாங்க. பட்டன் வெச்சு வெச்சு எனக்கும் அலுத்துப்போயிருந்துச்சு, பொய் சொல்வானேன். அப்பதான் ஸ்டேட் மேனேஜர் கண்டிஷன் போட்டாரு. ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் கேம்புல இருக்கணும், கிளப் மேட்ச்சுன்னு எவளாவது போனா அப்படியே போயிடலாம்னு. ஃபைனல் அதே ஞாயித்துக்கிழமை, அதே காலைல.

ஃபைனல்ல எங்களுக்கு எதிரா ஆடப்போற கிளப் கன்டோன்மென்ட் பக்கம். அதுக்குச் செக்ரட்டரி யாருன்னு நினைக்கிறீங்க? அதே மேனேஜர்தான். ஆனா அந்த கிளப் புள்ளைங்க மூணு பேர் கேம்புல இருந்தாங்களே, சட்டம் அவங்களுக்கும்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அந்த மூணு பேருல ஒருத்தி சென்டர் ஃபார்வர்டு. எமகாதகி. அவ அடிக்கிற பந்தைத் தடுத்தா மறுநாள் வேலையில ஊசி பிடிக்க முடியாது.

அண்ணாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுப் போயிட்டேன். ஆட்டோவைத் தொடைச்சுக்கிட்டே கேட்டாரு, ஒரு வார்த்தை திட்டல. நம்ம ஏரியா பொண்ணு ஸ்டேட் ஜெர்சி போடுறதைவிட கப்பு பெருசாம்மா, நீ போ, கோல்ல நம்ம டிஃபென்ஸ்ல பேக் ஆடுறவளை நிக்க வெச்சுக்கிறேன்னாரு. கூட ஆடுற புள்ளைங்க அப்படியில்ல. யாரும் மூஞ்சி குடுத்துப் பேசல. ஒருத்தி மட்டும், பெரிய இடத்துக்குப் போற, எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கோன்னா. சுருக்குன்னு குத்துச்சு. இருந்தாலும் போனேன்.

ஞாயித்துக்கிழமை கேம்புல வரிசையா நிக்க வெச்சுப் பேர் கூப்பிட்டாங்க. அந்த மூணு பேரையும் காணோம். எங்க சார்னு கோச்சைக் கேட்டேன். பாவம், நல்ல மனுஷன். தரையைப் பாத்துக்கிட்டே காய்ச்சல்னாரு. மூணு பேருக்குமான்னேன். மூணு பேருக்கும்தான்னாரு. மேனேஜர் எங்கன்னு கேட்டதுக்கு அவருக்கு வேற ஜோலியாம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தாளு ஏமாத்தினதுகூடப் போகட்டும். இவ ஏமாறுவா, வாயை மூடிக்கிட்டு வரிசையில நிப்பான்னு என்னைக் கணக்குப் போட்டு வெச்சிருந்தான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. பையைத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டேன். கோச் தடுக்கல. வெளிய வந்து கிடைச்ச ஆட்டோவுல ஏறி, சீக்கிரம் போப்பா, சீக்கிரம் போப்பான்னு வழியெல்லாம் அந்த டிரைவர் உயிரை எடுத்தேன்.

நான் போறப்போ ஹாஃப் டைம். ரெண்டு கோல் வாங்கியாச்சு. எங்க பேக் ஆடுறவ க்ளவுஸோட உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருக்கா. என்னைப் பாத்து அண்ணா சந்தோஷப்படுவாருன்னு நினைச்சேன். மனுஷன் வெலவெலத்துப் போயிட்டாரு. வேண்டாம்மா, கிடைக்கப்போற வேலை போயிடும், திரும்பிப் போயிடுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கையை உதறிட்டு க்ளவுஸை வாங்கி மாட்டினேன்.

காய்ச்சல்காரி என்னமா ஓடுறாங்கிறீங்க! வந்து வந்து அடிச்சா. ஒண்ணு வயித்துல வாங்கினேன், ஒண்ணு மூஞ்சியில வாங்கினேன், ஒண்ணும் உள்ள போகல. எங்க ஆளுங்க ஒரு கோல் திருப்பினாங்க. இன்னொண்ணு கம்பத்துல பட்டுப் போச்சு. தோத்துட்டோம். தோத்தோமே தவிர, தலையைத் தொங்கப் போடல.

பரிசு குடுக்கிற மேடையில மேனேஜர் மாலையும் கழுத்துமா நிக்கிறாரு. தோத்த டீமுக்கும் ஆளுக்கொரு சின்னக் கப்பு. என் கையைக் குலுக்கிச் சிரிச்சுக்கிட்டே, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி கன்னடத்துல, "நாளெயிந்த பர்பேடா"ன்னாரு. நாளையிலருந்து வர வேண்டாமாம். நான் சத்தமாவே கேட்டேன்.

"அந்த மூணு பேருக்கும் காய்ச்சல் விட்டுடுச்சா சார்?"

முன் வரிசை கொல்லுன்னு சிரிச்சுது. அந்த சென்டர் ஃபார்வர்டு மட்டும் சிரிக்கல, குனிஞ்சுக்கிட்டா.

வீட்டுல அம்மா சோத்தைத் தட்டுல வெச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நாலு சாத்து சாத்தியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. காலைல நான் பையை எடுக்கிறதைப் பாத்து எங்கடின்னாங்க. கேம்புக்குன்னேன். வராதேன்னுட்டான்னு நேத்து நீதானே சொன்னன்னாங்க. அவரு சொன்னாரு, நான் சரின்னு சொல்லலையேன்னுட்டுக் கிளம்பிட்டேன்.

போய் நேரா கோல்ல நின்னேன். மேனேஜர் வந்து வெளிய போன்னாரு. க்ளவுஸை இறுக்கிக்கிட்டே சொன்னேன்.

"அந்த கிளப் உங்களோடது சார். ஸ்டேட் உங்களோடது இல்ல."

அவரு மத்தவங்க பக்கம் திரும்பினாரு. எல்லாரும் அந்தப் பக்கம் போங்க, இந்தக் கோலுக்கு ஒருத்தரும் பந்து அடிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. பந்தே வராத கோல்ல ஒருத்தி எவ்வளவு நேரம் நிப்பா? தானாவே வெக்கப்பட்டுப் போயிடுவான்னு நினைச்சிருப்பாரு. புள்ளைங்க மொத்தமா அந்தப் பக்கம் போயிட்டாங்க. வெயில் ஏறுச்சு. நான் இம்மிகூட நகரல.

அப்ப அந்த சென்டர் ஃபார்வர்டு ஒரு பந்தைத் தட்டிக்கிட்டே மைதானத்தைக் குறுக்கால தாண்டி வந்தா. மேனேஜர் ஏய்னு கத்தினாரு. காதுல வாங்காத மாதிரி பெனால்டி இடத்துல பந்தை வெச்சா. பின்னாடி போனா. ஓடி வந்து, கொஞ்சம்கூட இரக்கமே இல்லாம, என்னைக் கொல்ற மாதிரி ஒண்ணு விட்டா. வலது பக்கம் பாஞ்சு பிடிச்சேன். விரல் பிஞ்சுபோன மாதிரி வலிச்சுது. பந்தை உருட்டி விட்டேன். அதை எடுத்து மறுபடியும் அதே இடத்துல வெச்சா.

அவளுக்குப் பின்னாடி இன்னொருத்தி பந்தோட வந்து நின்னா. அப்புறம் மத்தவளுங்களும் வந்தாளுங்க. கோச் அங்கயே பிராக்டிஸ் ஆரம்பிக்க விசில் ஊதினாரு. மேனேஜர் போய் நாற்காலியில உட்கார்ந்துட்டாரு.

அந்த வருஷம் ஸ்டேட் கோல்ல நின்னது நான்தான்.