வெட்டீடியஸ் வீட்டு ஏழை அறை

குளிர்காலம் முடிந்து கப்பல்களுக்குக் கடல் திறந்த நாளில் நான் கப்பலேறப் புறப்பட்டேன். அக்கா தல்லூசா வழியனுப்ப வரவில்லை. தேடிப் போனேன். தன் வைக்கோல் மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு, எஜமானர் வெட்டீடியஸின் பளிங்குக் கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"அய்யா ஏழை அறை கட்டியிருக்காருடி. மாசத்துல கொஞ்ச நாள் அதுல படுத்து, காஞ்ச ரொட்டி தின்னு மனசைப் பழக்கப்போறாராம். புது மெத்தை ஆகாதாம். நெசமாவே ஏழை படுத்ததுதான் வேணுமாம்."

"அப்ப நீ?"

"தரைதான். என் மனசுதான் ஏற்கெனவே பழகிருச்சே" என்று சிரித்தாள்.

ரோமில் பெரிய வீட்டுக்காரர்களுக்கு அப்போது இதுதான் மோகம். ஒருவர் மயில் வளர்த்தால் அடுத்தவர் ஏழை அறை கட்டினார்.

எங்கள் அம்மா விடுதலை பெறும் முன் பிறந்தவள் தல்லூசா. பின் பிறந்தவள் நான். அதனால் அவள் அந்த வீட்டு அடிமை, நான் சுதந்திரப் பெண். அந்த ஆண்டு டிசம்பர் திருவிழாவில் அவளை விடுவிப்பதாக வெட்டீடியஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் ஒரு வணிகர் மனைவிக்குத் தலைவாரிவிடும் வேலைக்கு அலெக்சாந்திரியா போனேன்.

பல ஆண்டுகள் கழித்துத் திரும்பினால், மெத்தை அதே அறையில். அக்கா அதே தரையில், முழங்கால் வீங்கி.

"வீட்டு மாவு பூ மாதிரி இருக்குடி. ஏழை ரொட்டிக்கு அது ஆகாதாம். அதனால கழுதைக்கு வைக்கிற தவிட்டை அள்ளிக் கலந்து ரொட்டி சுடுறேன். தின்னுட்டு, 'மனுசனுக்கு இவ்வளவு போதும்'னு கண்ணு கலங்குவாரு. மறுநாள் வயித்தால போகும். வைத்தியர் வருவாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஜமானருக்குக் காலை வணக்கம் சொல்லி உணவுக்கூடை வாங்கக் காத்திருந்த கூட்டத்தோடு உள்ளே நுழைந்தேன். "அய்யா, அக்காவை எப்ப விடுவீங்க?"

வெட்டீடியஸ் கனிவாகப் பார்த்தார். "விடுதலை மனசுல இருக்கும்மா. ஆசையில்லாதவளை யாரால கட்டிவைக்க முடியும்? உங்கக்கா என்னைவிடச் சுதந்திரமானவ. எனக்கே பொறாமையா இருக்கு."

"அப்ப ரெண்டு பேரும் இடம் மாத்திக்கங்களேன்."

கூடைக்குக் காத்திருந்தவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். வாசற்காவலன் என் தோளைப் பிடித்துத் தெருவில் தள்ளினான்.

குறைவாக வாழ்வதை நான் பழிக்கவில்லை. ஒரே மூட்டையோடு நானும் கடல் கடந்தவள்தான். ஆனால் அந்த மூட்டையை நான் கட்டினேன். வேண்டாததை நான் விட்டேன். அக்காவிடம் யார் கேட்டார்கள்? அவள் மெத்தையைப் பிடுங்கி, அதன் மேல் படுத்துக்கொண்டு, அவளுக்கே போதுமென்ற மனதைக் கற்பிக்கிறார்! அந்த ஊரில் இருந்தால் அவர் வீட்டுக்குத் தீ வைத்துவிடுவேன் என்று தோன்றியது. ரோமை விட்டுப் போய், தெற்கே பூதியோலித் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டேன்.

வெகுகாலம் கழித்து ஒரு கோவேறு கழுதைக்காரன் செய்தி கொண்டுவந்தான். வெட்டீடியஸ் இறந்துவிட்டார். உயிலில் சமையற்காரர்களை விடுவித்திருந்தார். தல்லூசாவைத் தன் மருமகனுக்கு எழுதிவைத்து, 'ஏற்கெனவே மனத்தால் சுதந்திரமான' அவளுக்கு அந்த மெத்தையைப் பரிசளித்திருந்தார்.

"உங்கக்கா சொல்லச் சொன்னுச்சும்மா," என்றான் கழுதைக்காரன். "மெத்தையை அன்னிக்கே கொளுத்திக் குளிர் காஞ்சிருச்சாம். அப்புறம், 'எனக்கு இன்னும் ஆசை இருக்கு, தங்கச்சிகிட்ட சொல்லு'ன்னுச்சு."