மாலை கட்டிய சுவிட்ச்

சரக்கு ஏற்றும் தூக்கியில் ஆள் ஏறக் கூடாது. உச்சியில் அதைத் தானாக நிறுத்தும் சுவிட்சைத் தினமும் வேலைக்கு முன் சோதிக்க வேண்டும். கட்டடத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஓய்வு பெறும்வரை இத்தகைய விதிகளைப் படித்துச் சுற்றுக்கு விடுவதே என் உத்தியோகம். பின்பற்றுவது வேறு இலாகா.

பூதலூரில் எங்கள் பக்கத்து மனையில் மூன்று மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் ஏற்ற, இரும்புக் கம்பத்தை ஒட்டி மோட்டார் இழுக்கும் ஒரு தட்டு. ஆயுத பூஜைக்கு மறுநாள், செங்கல்லோடு சித்தாள் அம்மாள் ஒருவரும் அதில் நின்றபடி மேலே போனதை என் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். உச்சிக்குப் போயும் தட்டு நிற்கவில்லை. அவர் போட்ட சத்தத்தில் கீழே இருந்தவர் கரண்டை நிறுத்தினார். இன்னும் ஒரு முழம் போயிருந்தால் தட்டு உச்சிக் கப்பியில் முட்டி, அதை இழுக்கும் கம்பி அறுந்திருக்கும்.

காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பூஜை மாலையை அந்தச் சுவிட்சில்தான் கட்டியிருந்தார்கள். நார் இறுகி அதை அசையவிடவில்லை.

இறங்கி அங்கே போய், தட்டை இறக்கச் சொல்லி, மெயினை அணைத்து, அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

"சாமிக்குச் சாத்துனது சார். அடுத்த பூஜை வரைக்கும் கழட்டக் கூடாதுங்க," என்றார் மேஸ்திரி.

"உச்சியிலதான் கட்டணும்னு சாமி கேட்டுச்சா மேஸ்திரி? அடியில கட்டுங்க. பூ நான் வாங்கித் தரேன்."

"கல்லு ஏத்துற மிஷினுக்கு இவ்வளவு சட்டமா?"

"கல்லுக்கு இல்லைங்க."

அந்த அம்மாள் குறுக்கிட்டார். "படியில கைப்பிடி இல்லைங்கய்யா. அதுக்கு இது தேவலைன்னுதான் ஏறுனேன்." பிறகு மேஸ்திரியிடம், "சாமி கோவிச்சா எங்கிட்டயே கோவிக்கட்டும்," என்று ஒரு கத்தியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

மாலை அறுந்தது. வெறும் தட்டை ஏற்றினோம், தானாக நின்றது. மறுபடி மெயினை அணைத்தேன். படிக்குச் சவுக்குக் கட்டையில் கைப்பிடி கட்டி முடிக்கும்வரை நகரவில்லை. மதியச் சாப்பாடு அங்கேயே வந்தது.

அன்றே தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் மனு போட்டேன். பிறகு மூன்று நினைவூட்டல்கள். பதிலுக்குக் காத்திராமல் தினமும் காலையில் போய் நின்றேன். "ஐயா வந்தாச்சு, வெறுந்தட்ட ஏத்துங்க, இல்லன்னா போவ மாட்டாரு," என்று அந்த அம்மாளே குரல் கொடுப்பார். கடைசி நாள்வரை படியேறியே போனார்.

வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். நேரில் ஆய்வு செய்ததில் அவ்விடத்தில் தூக்கி எதுவும் காணப்படவில்லை என்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்ற பதில் என் கைக்குக் கிடைத்தது ஆடி பதினெட்டாம் தேதி.