சஹனில் என் பக்கம்

என் பித்தப்பையை எடுத்த பிறகு, அதற்குள் இருந்த கற்களை ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். வேறு யாராவது என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் எங்காவது மறைத்து வைத்திருப்பார்கள். நான் கடைக்குக் கொண்டுவந்து மிளகு மாதிரிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாத்தளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற ஆள் நான். முப்பது வருடமாக அதே வேலை என்பதால் எதைக் கண்டாலும் தரம் பிரிக்கிற புத்தி. பதினேழு கற்கள், நல்ல கறுப்பு, ஏறக்குறைய ஒரே அளவு. வருகிறவர்களுக்கெல்லாம் போத்தலைக் குலுக்கிக் காட்டினேன். யட்டவத்தையிலிருந்து மிளகு கொண்டுவரும் ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இரண்டு கல்லைக் கையில் கொட்டி உருட்டிப் பார்த்தார்.

"இது எந்தத் தோட்டத்துச் சரக்குங்க?"

"என்னோட சொந்தத் தோட்டந்தான்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

அந்த மனிதர் இன்றைக்கும் மிளகு கொண்டுவருகிறார். ஆனால் என் கடையில் பிளேன்டீ குடிப்பதில்லை.

கல் யாருக்கும் வரலாம், அதற்கு ஒரே காரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். என் மனைவிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகக் காட்டி, இது உக்குவளைக் கல்யாணம், இது என் தம்பி வீட்டு விருந்து, இது போன ஹஜ்ஜுப் பெருநாள் என்று வரிசையாகச் சொன்னாள். எனக்கு மறந்துபோன சாப்பாடுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. எங்கள் கல்யாண வீடுகளில் சஹன் சாப்பாடு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே பொரித்த கோழியும் மாட்டிறைச்சியும் வைத்து, கத்தரிக்காய், அன்னாசி, அச்சாறு எல்லாம் சேர்த்து, மூடி போட்டுக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர். ஆறு பேர் சுற்றிக் குந்தி, ஒரே தட்டில் அவரவர் தன் முன்னால் இருப்பதைச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. ஆறு பேரும் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. கோழியைப் பிய்த்து ஆறு பேருக்கும் பங்கு வைக்க ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பை யாரும் கேட்காமலே நான் எடுத்துக்கொள்வேன். மிகவும் நீதியாகப் பங்கு வைப்பேன் என்று ஊரில் எனக்குப் பெயர். தோலோடு கூடிய தொடைத் துண்டு மட்டும் எப்படியோ ஒவ்வொரு முறையும் என் பக்கம் வந்து விழுந்துவிடும். சாப்பிட்டு முடித்து எனக்கு முன்னால் கையெடுத்தவர் கிடையாது. நான் முடித்துவிட்டு, மற்ற ஐந்து பேரின் வாயையும் பார்த்துக்கொண்டு கடைசியில் வரும் இனிப்பான வட்டிலப்பத்துக்குக் காத்திருப்பேன்.

அப்படி ஒரு விருந்து முடிந்த பிற்பகலில்தான் வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலித்தது. வலி தோள்பட்டை வரைக்கும் ஏறியது. வாயு என்று நானே தீர்மானித்து இஞ்சி பிளேன்டீ குடித்தேன். குறைந்த மாதிரி இருந்ததால், அதைக் கொண்டாட இன்னொரு துண்டு வட்டிலப்பம் சாப்பிட்டேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

ஒபரேஷன் பெரிய விஷயமாக இருக்கவில்லை. வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். ஈரல் பித்தத்தைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். அதைச் சேர்த்துவைத்துத் தேவைக்கு எடுத்துக் கொடுக்கிற பைதான் இனி இல்லை. அதனால் எண்ணெயும் நெய்யும் மொத்தமாக வந்து இறங்கினால் வயிறு தடுமாறும். ஆரம்பத்தில் எண்ணெயைக் குறையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை சாப்பிடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள் என்றார். நான் இதில் "பல முறை" என்பதை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தேன் என்றால் அது மனைவி சாப்பாட்டு அலுமாரிச் சாவியைக் கையில் வைத்திருந்ததால். மூன்றாவது மாதம் யட்டவத்தைக்குச் சரக்குப் பார்க்கப் போன நாளில் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் ஒன்று தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இன்னும் இரண்டு தின்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழியில் எனக்கு வியர்த்தது. மணியை அடித்து இறங்கி, முதலில் கண்ட வீட்டின் கதவைத் தட்டினேன். ஒரு சிங்கள அம்மா எட்டிப் பார்த்தார். என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார். நான் வெளியே வந்தபோது முற்றத்தில் ஒரு கதிரையும், ஒரு தேத்தண்ணீரும், தட்டில் எண்ணெய் வடிய இரண்டு கெவும் பலகாரமும் இருந்தன. வேண்டாம் என்று சொன்னால் அந்த அம்மா மனவருத்தப்படுவாரே என்று, மரியாதைக்காகத் தின்றேன். இரண்டையும். மறுபடி வீட்டுக்குப் பின்னால் போகவேண்டி வந்தபோது அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சஹன் என்றாலே பயம். ஆறு பேர் நடுவில் குந்தியிருந்து, பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி ஓடுவதை நினைத்துப் பாருங்கள். கல்யாண வீடுகளில் ஒரு மூலையில் கதிரை போட்டு, தனித் தட்டில் இடியப்பம் தின்ன ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கல்லின் வரலாற்றைச் சொன்னேன். கேட்டவர்கள் பாதிச் சாப்பாட்டில் கைகழுவினார்கள். கடைசியில் கல்யாணத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். அழைப்பவர்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் மகளுக்குக் கலேவெலையில் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டில் நெல்லு ஆலை. அவர்கள் கொடுக்கிற வலீமா விருந்து அவர்கள் ஊரில். பெண்ணின் வாப்பா சம்பந்தியோடு ஒரே சஹனில் குந்துவதுதான் முறை. நான் என்ன சாட்டுச் சொல்லித் தப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, குசினியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"வாப்பா, வலீமாவுல நீங்க சஹன்ல குந்தணும். ஒதுங்கி ஈக்க வாணாம். நடுவுல எழும்பிப் போகவும் வாணாம்."

"எனக்கு ஏலாம வந்தா?"

"ஏலும்" என்றாள்.

என்னால் அவளுக்கு வெட்கம் என்று நினைத்தேன். புது மனிதர்கள் முன்னால், வந்த முதல் நாளே வாப்பா எழும்பி ஓடினால் அந்தக் கதை அவள் பிள்ளை பெறும் காலம்வரைக்கும் ஓடும். அவள் அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் வாழவேண்டும். எனக்கு அது நெஞ்சில் குத்தியது. ஆனாலும் தப்பிக்கிற புத்தி விடவில்லை. அன்றைக்கு நோன்பு என்று சொன்னால் என்ன என்று மனைவியிடம் கேட்டேன்.

"ரமழான்லயே தலவலி தலவலின்டு பொலம்புற ஆள், சுன்னத்து நோன்பு புடிச்சன்டு சொன்னா யாரு நம்புவாங்க?" என்றாள். அத்துடன் அந்த வழியும் அடைபட்டது.

வேறு வழியில்லாமல் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினேன். சிவப்பரிசிச் சோறு, தாளிக்காத பருப்பு, அவித்த பூசணி, தோலுரித்த கோழி, கடைசியாகப் பிழிந்த தேங்காய்ப்பாலில் வைத்த மீன். கொஞ்சம் கொஞ்சமாக, மென்று மென்று. ஒரு பழைய கொப்பியில் எதைத் தின்றால் வயிறு என்ன சொல்கிறது என்று எழுதினேன். இரண்டு கிழமையில் ஒன்று தெரிந்தது. வயிற்றுக்கு நெய்மீது கோபமே இல்லை, கோபமெல்லாம் என்மீதுதான். மனைவி ஆக்கிய நெய்ச்சோற்றில் மூன்று பிடி சாப்பிட்டால் சத்தமே இல்லை. நாலாவது பிடியில்தான் பேச்சுத் தொடங்கும். ஐம்பத்தெட்டு வயதில், போதும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது என்று முதல்முறையாகக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததைப் பெருமையாகச் சொன்னபோது மனைவி, முப்பது வருடமாக இதைத்தானே நான் சொன்னேன் என்று கேட்கவில்லை. பார்வை மட்டும் பார்த்தாள்.

ஆக, என் திட்டம் இதுதான். சஹனில் மூன்று பிடி. மிச்ச நேரம் சோற்றைக் கிளறிக்கொண்டு, அச்சாறைப் புகழ்ந்துகொண்டு, சாப்பிடுகிற மாதிரி நடிப்பது. ஒரேயொரு ஆபத்து சம்பந்தி. நல்ல மனிதர், அதுதான் பிரச்சினை. பக்கத்தில் இருப்பவருக்கு இறைச்சியைத் தள்ளித் தள்ளி வைத்துத் தின்னவைக்கிற சாதி. நிச்சயத்தின் போதே பார்த்திருந்தேன்.

வலீமா அன்று ஒரு வான் பிடித்துப் போய் இறங்கினோம். பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்களுக்கு வெளியே பந்தல், பாய் விரித்து வெள்ளைத் துணி போட்டிருந்தது. கெண்டியும் படிக்கமும் கொண்டுவந்து கை கழுவ வார்த்தார்கள். சம்பந்தி என் தோளைப் பிடித்து, "இங்க குந்துங்க, எனக்குப் பக்கத்துல" என்று இடம் காட்டினார். நான் குந்தினேன். உடனே என் மூளை வேலை செய்தது. எதிர்ப்பக்கத்தில் சம்பந்தியின் மாமா இருந்தார், எண்பதைத் தாண்டியவர். அங்கே போய்விட்டால் சம்பந்தியின் கை எட்டாது.

"மன்னிச்சுக்கோங்க, எனக்கு முழங்கால் நோவுது. அந்தப் பக்கம் காலைக் கொஞ்சம் நீட்டலாம் போல ஈக்கிது" என்று எழும்பி, பெரியவரைக் கெஞ்சி இடம் மாற்றிக் குந்திக்கொண்டேன். சம்பந்தி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சஹனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிஸ்மி சொல்லி மூடியைத் தூக்கினார்கள்.

என் முன்னால் மஞ்சள் நெய்ச்சோறு மலைபோல, அதன்மேல் முழுத் தொடை. சஹன் முழுக்க அப்படித்தான், ஒரு பங்கைத் தவிர. பெரியவர் முன்னால் மட்டும் தட்டில் ஆறில் ஒரு பங்கு வெள்ளையாக இருந்தது. வெள்ளைச் சோறு, தோலுரித்து அவித்த கோழி, தாளிக்காத பருப்பு, அவித்த பூசணி. நெய்ச்சோறு வந்து கலக்காமல் இருக்க இரண்டு பக்கமும் வாழையிலையை மடித்துத் தடுப்புக் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து இறைச்சிக்காகக் காத்திருந்த மனிதர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கென்னத்துக்கு இந்த ஆஸ்பத்திரிச் சோறு? நா இன்னம் மௌத்தாகலயே!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. சம்பந்தி சிரித்துக்கொண்டே சஹனின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். வைத்த சஹனைத் திருப்புவதை நான் எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை. மெதுவாக, பாதி வட்டம் திருப்பினார். வெள்ளைப் பக்கம் என் முன்னால் வந்து நின்றது. தொடைத் துண்டு பெரியவரிடம் போனது.

"ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒங்கட மகள்தான். பொண்ணு பாக்க வந்த அன்டைக்கு எங்கட ஊட்டுப் பொம்பளைகள்ட்ட ஒன்டே ஒன்டுதான் கேட்டாவாம். 'என்ட வாப்பா என்னப் பாக்க வருவாரு, அவருக்குத் தின்ன ஏலுமான சோறு இந்த ஊட்டுல ஆக்குவீங்களா'ன்டு. வேற ஒன்டும் கேக்கல்ல" என்றார். "இன்டைக்கு இதை ஆக்கினதும் என்ட ஊட்டுக்காரிதான். ஒங்கட மகள் சொல்லிக் குடுத்த மாதிரியே."

மூன்று பிடி, நடிப்பு, முழங்கால் நோவு என்று நான் கட்டிவைத்ததெல்லாம் அந்த வெள்ளைத் துணிமேல் எல்லாரும் பார்க்கச் சரிந்து கிடந்தது. ஏலும் என்று அவள் சொன்னபோது கையில் இருந்த பூசணிக்காய் எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்தது. அச்சாறு காரம் என்று சொன்னேன். என் பக்கத்தில் அச்சாறே இல்லை.

சாப்பிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, மென்று மென்று, இப்போது எனக்குத் தெரிந்த ஒரே விதமாக. மற்ற ஐந்து பேரும் முடித்துவிட்டார்கள். பெரியவர் எலும்பைக்கூட விடவில்லை. பக்கத்துச் சஹன்களில் எழும்பிவிட்டார்கள், வட்டிலப்பம் வந்து ஓரத்தில் காத்திருந்தது. எங்கள் சஹனில் யாரும் அசையவில்லை. ஐந்து பேரும் கை காயக் காய, நெல்லு விலையையும் மழையையும் பேசிக்கொண்டு, நான் முடிக்கும்வரை குந்தியிருந்தார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சஹனில் கடைசியாகக் கையெடுத்தவன் நானாக இருந்தேன்.