எட்டு வருடப் புது ஆள்

அவள் தையல் வேலை செய்கிறாள் என்பது அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டை கொண்டுவரும் ஏஜெண்ட் மட்டும் அவளைக் "காலர்க்கா" என்று கூப்பிடுவார். எட்டு வருடமாக அவள் தைத்ததெல்லாம் காலர்தான். முழுச் சட்டை தைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வாடகை வீட்டில் தொழில் செய்யக்கூடாது என்பது வீட்டுக்காரரின் கண்டிப்பு. அதனால் படியில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், மெஷினை நிறுத்தி, போர்வையால் மூடி, எழுந்து நின்றுவிடுவாள். யோசிக்க வேண்டியதே இல்லை, கை தானாகச் செய்துவிடும். வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒரு பெண் வந்தபோதும் அப்படித்தான்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"வேலையா? வீட்ல சும்மாதாங்க இருக்கேன்."

போர்வைக்கு அடியில் ஊசியின் சூடுகூட ஆறியிருக்காது. அந்தப் புண்ணியவதி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள். அது எந்த மேடையில் படிக்கப்பட்டதோ, யார் கண்டது!

பிறகு லாரி ஓட்டும் கணவனுக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்தது. ஒரு கண் போயே போய்விட்டது. மற்றதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். கம்பெனியில் நிரந்தரத் தையல் வேலையில் சேர்ந்தால் உடனே குடும்பத்துக்கே மருத்துவ அட்டை உண்டு, ஆபரேஷன் செலவில்லாமல் நடந்துவிடும். ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜெண்ட் சொன்னதும், இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள்.

பரீட்சைக்குக் கொடுத்ததும் காலர்தான். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மளமளவென்று தைத்தாள். முனையைத் திருப்பும்போது, முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் அம்மாவின் செருப்புச் சத்தம். அவ்வளவுதான். பெடலிலிருந்து காலை எடுத்தாள், பக்கத்தில் கிடந்த துணியை இழுத்து மெஷின்மேல் போட்டாள், எழுந்து நின்றுவிட்டாள்.

வரிசையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்னம்மா மறைக்கிற? கோணலாப் போச்சா?" சூப்பர்வைசர் அம்மா துணியை விலக்கி, காலரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தானே தைக்கிற. இதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனி?"

"இதே கம்பெனிதாங்க. எட்டு வருஷமா வீட்ல வச்சுத் தைக்கிறேன்."

"ஏஜெண்ட் மூலமாவா?" அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "அது அனுபவத்துல சேராதும்மா. நான் சொன்னாலும் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க, புது ஆளுன்னுதான் போடுவாங்க. நூல் வெட்டற வேலை தரேன். ஒரு வருஷம் கழிச்சுத் தையலுக்கு மாத்துவாங்க."

"அட்டைங்க?"

"அதுவும் அப்பத்தான்."

அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. அந்தக் கூடத்தில் தொங்கிய சட்டைகளில் எத்தனைக்கோ கழுத்து அவள் கொடுத்தது. ஆனாலும் "சரிங்க" என்றாள். வேறென்ன சொல்வாள், பாவம்.

வீட்டில் கணவன் கதவைப் பிடித்தபடி காத்து நின்றான். "என்னாச்சு? எடுத்துக்கிட்டாங்களா?"

"நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

"அட்டை?"

"ஒரு வருஷம் ஆகுமாம். நான் புதுசாம்."

அவன் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தான். பிறகு, "பரவால்ல விடு. கண்ணு அதுவரைக்கும் பொறுத்துக்கும்" என்றான்.

தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொறுத்துக்கும்" என்றாள் அவளும்.